பேசாமல் ஓடிய பதினேழு கிலோமீட்டர்

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். இருபத்திரண்டு வருடமாக மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறேன். வாய் ஓயாத ஆள். தூக்கத்தில்கூட "உள்ள போங்க, உள்ள போங்க" என்று நான் சொல்வதாக என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவன் ஒரு மனிதரிடம் மூன்று வருடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன் என்றால் எவ்வளவு வைராக்கியம் இருந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் என் தங்கையின் கணவர். என் மாப்ள.

சண்டைக்குக் காரணம் ஒரு பிளக்ஸ். தங்கை மகனுக்குக் காதுகுத்து. வேண்டுதல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, பையன் ஆறாவது படிக்கும்போது வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் நான்தான் அன்றைக்கு முக்கியமான ஆள். சீர் வரிசையோடு, மேளதாளத்தோடு மண்டப வாசலுக்குப் போனேன். இருபது அடி உயரத்துக்கு பிளக்ஸ். மேல் வரிசையில் மாப்ளயின் அண்ணன் தம்பிகள், கூலிங்கிளாஸ் போட்டு, காதில் போனை வைத்துக்கொண்டு. நடுவில் பங்காளிகள். நான் எங்கே என்று தேடினேன். கீழே மூலையில், பந்தல் போட்டவரின் போன் நம்பருக்கு மேலே, தபால்தலை அளவில் இருந்தேன். அதுவும் டிரைவிங் லைசென்ஸுக்கு எடுத்த பழைய போட்டோ.

"என்ன மாப்ள இது?" என்று கேட்டேன். மனிதர் நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார். "இப்ப அதுவா முக்கியம் மச்சான்?" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு சுர்ரென்று ஏறியது. பையனை மடியில் வைத்துக் காது குத்தி முடித்தேன், அது கடமை. ஆறாவது படிக்கிறவனை மடியில் வைத்துத் தொடை மரத்துப் போனதுதான் மிச்சம். பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் மனைவியைக் கூட்டிக்கொண்டு, கை நனைக்காமல் கிளம்பிவிட்டேன். எங்கள் பக்கம் தாய்மாமன் விசேஷ வீட்டில் சாப்பிடாமல் போவது, சபை நடுவே கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவர் மனதில் அது உட்கார்ந்துவிட்டது. என் மனதில் தபால்தலை உட்கார்ந்துவிட்டது. நியாயம் யார் பக்கம் என்று கேட்டால் என் பக்கம் என்றுதான் சொல்வேன். அப்போதும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் மாப்ள என் பஸ்ஸிலேயே ஏறினார். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டால் பேச்சுக் கொடுத்ததாகிவிடும். உசிலம்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர் வேறு எங்கே போகப்போகிறார் என்று உசிலம்பட்டிக்கே டிக்கெட் எடுத்து, பக்கத்து சீட்காரர் கையில் கொடுத்து அவரிடம் கொடுக்கச் சொன்னேன். பிறகு முன்படிக்கட்டுக்குப் போய் ஊர் வரும்வரை அங்கேயே நின்றேன். அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும், "டூட்டிக்குப் போயிட்டார்னு சொல்லு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்திருப்பார்.

இதில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. தங்கையின் மூத்தவள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை, ஆறேழு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. எடுத்தால் குரலைக் கேட்டதும் என் வீம்பு கரைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவள் பட்டம் வாங்கிய அன்றும் எடுக்கவில்லை. அதன்பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

ஓட்டத்துக்கு வருகிறேன். சண்டைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நானும் மாப்ளயும் சேர்ந்துதான் கறி எடுக்கப் போவோம். எந்தக் கடை, எந்தத் தொடை, எலும்பு எவ்வளவு என்று பேசிப் பேசியே இரண்டு மணி நேரம் போகும். சண்டைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஆனையூரில் எங்கள் தெருவிலிருந்து சும்மா நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் யோசனை வருகிறது என்று ஓட ஆரம்பித்தேன்.

கண்டக்டர் ஒருவன் இருட்டு விலகாத நேரத்தில் ரோட்டில் ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? "என்னண்ணே, பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறுங்க, புடிச்சிரலாம்" என்று வாரம் நாலு பேராவது வண்டியை நிறுத்தினார்கள். சும்மாதான் ஓடுகிறேன் என்றால் யாரும் நம்பவில்லை. பால்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டார். இப்படியே ஓடி ஓடி ஐந்து கிலோமீட்டர் பத்தானது, பத்து பதினைந்தானது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு ஓட ஆசை வந்துவிட்டது. மாசி மாதத்தில் மதுரையில் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்தேன். ஆன்லைனில் நிரப்பத் தெரியாமல் தங்கையிடம்தான் விவரம் கொடுத்தேன். அவளோடு மட்டும் பேச்சு உண்டு. நடுவில் அவள் ஒருத்திதான் பாலம்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அவள் போன் செய்தாள். பங்குனியில் மூத்தவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை சோழவந்தான் பையன் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"அண்ணே, பத்திரிகை அடிச்சு வந்துருச்சு. கட்டுப் பிரிக்காம பீரோவுல கிடக்கு."

"ஏன், பிரிக்கத் தெரியாதா?"

"நக்கலு. மொதப் பத்திரிகை கொலசாமிக்கு வச்சாச்சு. ரெண்டாவது தாய்மாமனுக்கு வைக்கணும். அத வைக்காம ஒரு பத்திரிகை வெளிய போகக் கூடாதுல்ல? கல்யாணத்துக்கு முப்பது நாள் கூட இல்ல. பக்கத்து வீட்டுக்குக்கூட இன்னும் சொல்லல. நீயும் அவுகளும் முறுக்கிக்கிட்டு நிக்கிறதுல எம்புள்ள கல்யாணம் நிக்குதுண்ணே."

"வந்து வைக்க வேண்டியதுதான? நானா தடுக்கிறேன்?"

"வருவாக. வந்தா கதவத் திறப்பியா? தீபாவளிக்கு வந்தப்ப என்ன பண்ணுன? வெத்தலை பாக்கோட வந்து, நீ வாங்காம, தாம்பூலத்தோட திரும்பிப் போனா அது நல்லாவா இருக்கும்? பொண்ணு கல்யாணம்ணே. அந்தப் பயத்துலதான் அவுக வரல."

திறப்பேன்டி என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. "வரும்போது பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் நான். என் இடத்தில் வேறு எவனாவது நிற்பான் என்று நினைத்தாலே பொறுக்கவில்லை. ஆனாலும் கூப்பிடாத கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போவது?

ஓட்ட நாள் வந்தது. தல்லாகுளத்தில் ஒரு மைதானத்திலிருந்து புறப்பட்டு, அழகர்கோவில் ரோட்டில் அப்பன் திருப்பதிக்குக் கொஞ்சம் முன்னால் வரை போய்த் திரும்பி வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் மெடல். ஆயிரக்கணக்கில் கூட்டம், எல்லோருக்கும் ஒரே பச்சை டீசர்ட். நான் காலைக் கையை உதறிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற ஆளின் நம்பரை யதேச்சையாகப் பார்த்தேன். என் நம்பருக்கு அடுத்த நம்பர். முகத்தைப் பார்த்தேன். மாப்ள.

தொண்ணூறு கிலோ உடம்பு, மூன்று வருடத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒதுங்கிப் போய்த் தங்கைக்குப் போன் போட்டேன்.

"என்னடி இது? இவரு எங்க இங்க?"

"ஏன், அது உங்கப்பன் வீட்டு ரோடா? எங்கப்பனும் அவருதான், எனக்கும் பங்கு இருக்கு. அவுகளும் ஓடுறாக. போன வை."

வைத்துவிட்டாள். எனக்குப் புரிந்துபோனது, அதாவது புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். நான் ஓடுகிறேன் என்று தெரிந்து, என்னை முந்திக் காட்டி அசிங்கப்படுத்த வந்திருக்கிறார். சரி, பார்த்துவிடலாம். இரண்டரை மணி நேரத்தில் முடிக்க நிதானமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். அது அந்த இடத்திலேயே காற்றில் போனது.

கூட்டம் நகர ஆரம்பித்தது. நான் வேகமெடுத்தால் அவரும் எடுத்தார். நான் குறைத்தால் அவரும் குறைத்தார். தோளோடு தோள். எங்கள் வீடுகளில் பேச்சில்லாதவர்களுக்குப் பேச ஒரு வழி உண்டு. சுவரைப் பார்த்தோ, கோழியைப் பார்த்தோ, சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆளைப் பார்த்தோ பேசுவது. கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். சாடை பேசுவது என்போம். எங்களுக்கு முன்னால், மற்றவர்கள் ஓட வேண்டிய வேகத்தைக் காட்டுவதற்காகக் கையில் சின்னக் கொடியோடு ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் படிக்கிறாளாம். அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, சில பேருக்கு வயிறு மொதல்ல போயிச் சேந்துரும், ஆளு பின்னாடி வருவாரு. அவுகளுக்கு எந்த நேரத்தக் கணக்குல எடுப்பீக?"

"நெஞ்சுல இருக்கிற நம்பர்லதான் சார் சிப் இருக்கு. அது கோட்டத் தாண்டுற நேரம்" என்று அந்தப் பிள்ளை அக்கறையாக விளக்கியது.

"அப்படியா? சில பேரு நெஞ்சுல அந்த சிப்பத் தவிர வேற ஒண்ணும் இருக்காதும்மா. ஈரமே இருக்காது."

"நல்லா தண்ணி குடிங்க சார்" என்றது.

ஓரக்கண்ணால் பார்த்தேன். மாப்ள என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, திறந்தபடியே ஓடினார். பிறகு ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பாருங்கள் திமிரை! பதில் சொல்லக்கூட நான் தகுதி இல்லாதவன், விரல் போதும் என்று நினைக்கிறாரே. இன்னும் வேகத்தைக் கூட்டினேன்.

புதூர் வந்தது. சந்திப்பில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் ஏதோ ஆட்டோவை நிறுத்த ஒரே ஒரு விசில் கொடுத்தார். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவன் நான். மூளைக்குத் தகவல் போகுமுன் கால் நின்றுவிட்டது. நடுரோட்டில் மரம் மாதிரி நின்றேன். பின்னால் வந்த மாப்ள அப்படியே என் முதுகில் மோதினார். அவர் முதுகில் இன்னும் மூன்று பேர் மோதினார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் உடம்பு என் மேல் பட்டது அப்போதுதான். நான் விழாமல் இருக்க என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். நான் உதறிவிட்டு ஓடினேன்.

மூன்றுமாவடியில் தண்ணீர்ப் பந்தல். மாப்ள இரண்டு கப் எடுத்து, ஒன்றை என் பக்கம் நீட்டினார். வாய் ஏதும் பேசவில்லை, கை மட்டும் நீண்டது. "மச்சான், தண்ணி" என்று சொல்லி நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன், சத்தியமாக. மாட்டுக்குத் தொட்டியில் ஊற்றுவது மாதிரிப் பேச்சில்லாமல் நீட்டினால்? நான் வேறு கப்பை எடுத்து, குடிக்காமல் என் தலையில் ஊற்றிக்கொண்டேன். எனக்கு நாக்கு வறண்டு கிடந்தது. வீம்புக்கு ஊற்றிக்கொண்டது.

கடச்சனேந்தலில் டீக்கடை முன்னால் நின்ற கூட்டத்தில் என் பஸ்ஸில் வரும் ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். "டேய், நம்ம கண்டக்டர் அண்ணேடா!" என்று கத்தினார். மொத்தக் கடையும் சேர்ந்துகொண்டது. "ரைட்டு... போலாம் ரைட்டு!" இரண்டு பேர் விரலை வாயில் வைத்து இரட்டை விசில் வேறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையைத் தூக்கி வணக்கம் வைத்தேன். பக்கத்தில் மாப்ள சிரித்தார். பழைய சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசேன்யா, என்னை ஜெயித்ததாகக்கூட நினைத்துக்கொள், ஒரே ஒரு வார்த்தை பேசு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓடினேன். அவர் மறுபடியும் விரலைக் காட்டினார்.

திரும்பும் இடம் வந்து, திரும்பினோம். வெயில் ஏறியது. அப்போதுதான் முதல் பாதியில் ஆடிய ஆட்டம் காலில் தெரிய ஆரம்பித்தது. கொடிப் பிள்ளை எப்போதோ போய்விட்டது. எங்களைத் தாண்டி ஒவ்வொருவராகப் போனார்கள், நைட்டி மேல் டீசர்ட் போட்டு ஓடிய அம்மா உட்பட. சாடை பேசவும் ஆள் இல்லை. பேசத் தெம்பும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும், தோளோடு தோள், ஒருவரை ஒருவர் விடாமல். நின்றால் அவர் ஜெயித்துவிடுவார் என்பதற்காக மட்டுமே நான் நிற்காமல் இருந்தேன்.

பதினேழாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டி, மூன்றுமாவடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் என் இடது கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்தது. "ஆத்தாடி!" என்று அலறிக்கொண்டு ரோட்டோரம் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். சரி, இனி அவர் போவார், போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் எனக்கு முன்னால் நின்றார். இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, குனிந்து, முதுகு ஏறி ஏறி இறங்க நின்றுகொண்டிருந்தார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்து, பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தார்.

"மச்சான்" என்றார். நிறுத்தினார். மூச்சு விட்டார். "ரெண்டாவது கிலோமீட்டர்ல இருந்து... பேசணும் பேசணும்னு பாக்குறேன். மூச்சு விடுதா? ஒரு நிமிசம் நில்லுங்கன்னு விரலக் காட்டுறேன், நீங்க இன்னும் பிச்சுக்கிட்டு ஓடுறீங்க!"

"பேசணும்னா... வீட்டுக்கு வந்து பேச வேண்டியதுதான மாப்ள?" என்றேன். மாப்ள என்ற வார்த்தை தானாக வந்துவிட்டது.

"வந்தேன்ல? கொல்லைக்குப் போயிட்டீங்க. பஸ்ல ஏறுனேன், படிக்கட்டுக்குப் போயிட்டீங்க. உங்கள எங்க வச்சுப் பிடிக்கிறது? அப்பத்தான் உங்க தங்கச்சி சொன்னா, அண்ணன் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப் போகுதுன்னு. சரி, ரெண்டரை மணி நேரம் ஒரே ரோட்டுல போயித்தான ஆகணும், அங்க எங்க எந்திரிச்சுப் போவாருன்னு நானும் பேரக் குடுக்கச் சொன்னேன். நாலு மாசம் மச்சான். நம்மூரு மாட்டுச்சந்தைப் பொட்டல்ல விடியக்காலம் ஓடுனேன். மாடெல்லாம் அசை போடுறத நிறுத்திட்டு என்னையப் பாக்குது. ஓடப் பழகிட்டேன். ஓடிக்கிட்டே பேசத்தான் பழகல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் இழுத்தது. வலியில் அழுதேனா சிரித்தேனா தெரியாது, இரண்டும்தான்.

மாப்ள டீசர்ட்டைத் தூக்கி, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. வியர்வை உள்ளே போய் மஞ்சள் கரைந்து, பத்திரிகை முழுக்க மஞ்சளாகியிருந்தது. வெற்றிலை வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தது. பதினேழு கிலோமீட்டர் இதைச் சுமந்துகொண்டா இந்த மனிதர் என் பின்னாலேயே ஓடிவந்தார்? நான் அவர் வயிற்றைக் கேலி பேசிக்கொண்டு வந்தேன்.

"இதத் திருப்பி எடுத்துட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல மச்சான். பொண்ணு கல்யாணம். நீங்க வாங்கலைன்னா..." என்று சொல்லி நிறுத்தினார். குரல் உடைந்திருந்தது. இந்த முறை மூச்சு வாங்கியதால் அல்ல.

நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"உக்காந்துக்கிட்டு வாங்கக் கூடாது. எந்திரிங்க."

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏன்யா இங்க உக்காந்திருக்கேன்?"

இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். கிழக்கு எது என்று பார்த்து என்னை அந்தப் பக்கம் திருப்பினார். நான் ஒற்றைக் காலில் நின்று, சூரியனால் கண் கூச, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "தாய்மாமன் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று முறையாகச் சொன்னார். ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர், எங்களுக்கு ஏதோ பரிசளிப்பு நடக்கிறது என்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

"அன்னிக்குக் கை நனைக்காமப் போனது என் தப்பு மாப்ள" என்றேன். மூன்று வருடம் சொல்லாததைச் சொல்ல மூன்று விநாடிதான் ஆனது. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"விடுங்க. நானும் நிதானமாப் பதில் சொல்லிருக்கணும்."

மீதி நாலு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கால் காரணம் இல்லை. பேசினோம். யார் வீட்டில் என்ன, எந்த மாடு என்ன விலை, சோழவந்தான் சம்பந்தி எப்படி, மண்டபத்தில் சாப்பாடு யார் பொறுப்பு என்று மூன்று வருடப் பேச்சு பாக்கி இருந்தது. புதூரில் டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம். ஓட்டம் நடக்கிறது என்பதே மறந்துவிட்டது. நம்பர் குத்திக்கொண்டு வடை தின்பவர்களைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

மைதானத்துக்குப் போனபோது காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்செட் இல்லை, கூட்டம் இல்லை. மெடல் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் சேரில் தங்கை மட்டும் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என் கையில் இருந்த மஞ்சள் கவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு போனை எடுத்து, வீட்டில் இருந்த மூத்தவளுக்குப் போட்டாள்.

"ஏத்தா, பீரோவத் திற. கட்டப் பிரி. உம்மாமன் நொண்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு" என்றாள்.

தங்கை போனை என்னிடம் நீட்டினாள். நான் காதில் வைத்தேன். என்ன சொல்லித் திட்டுவாளோ, திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆறேழு தடவை கூப்பிட்டும் எடுக்காத மாமனை எப்படிக் கேட்டாலும் தகும்.

"மாமா" என்றாள். "கால் ரொம்ப வலிக்குதா மாமா?"

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மறுபடி திறந்தேன். நெஞ்சு அடைத்துக்கொண்டு மூச்சே வரவில்லை. பஸ் கூட்டத்தில் கடைசி சீட்டுவரை கேட்கிற என் குரல், அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல எழும்பவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டுகிறது.

மாப்ள என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார்.

"கொஞ்சம் பொறு ஆத்தா" என்றார். "மாமா இம்புட்டு தூரம் வந்திருக்காருல்ல. சொல்லுவாரு."